ப்ரவுனிக்குத் தெரிந்த இங்கிலீஷ்

"ஐ திஸ் வொர்க் லைக்," என்றாள் நாயிடம்.

கறுப்பு நாய். பேர் என்னவோ ப்ரவுனி. அது வாலைக்கூட ஆட்டவில்லை.

சீ, மறுபடியும் தப்பு. 'பிடிக்கும்' என்பது தமிழில் கடைசியில் சாவகாசமாக வந்து உட்காரும். இங்கிலீஷில் 'நான்' என்று வாயைத் திறந்ததுமே அதுவும் முந்திக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். அப்படி என்ன அவசரமோ!

பத்தரைக்கு இன்டர்வியூ. பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. இந்த முறை கிடைத்தே ஆகவேண்டும்.

போன மாதம் வேறோர் இடத்தில் இதையேதான் சொன்னாள். எதிரே இருந்த மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீடு வந்து சேரும்வரை அவளுக்குக் காது சுட்டது.

நாய் சிரிக்காது.

அதுவும் இது இங்கிலீஷ் கேட்டே வளர்ந்த நாய். மாடியிலிருக்கும் ஹவுஸ் ஓனரம்மா ஊரோடெல்லாம் தமிழில் பேசுவார். ப்ரவுனியிடம் மட்டும் 'கம்', 'சிட்', 'குட் பாய்'. அந்த அம்மா காதில் விழுந்து தொலைக்கக் கூடாதே என்றுதான் கீழ் போர்ஷன் வாசலில் இத்தனை கிசுகிசுப்பு.

சரியான வாக்கியத்தை எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டை இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஐ லைக் திஸ் வொர்க்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

போச்சுடா!

"கனகா, இப்ப சொன்னியே, அத இன்னொரு தரம் சொல்லு."

கனகா சீட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"அட, சும்மா சொல்லும்மா. எனக்குந்தான் வேணும். மருமக டெல்லிப் பொண்ணு. போன்ல இங்கிலீஷா கொட்டுறா. நாய்கிட்ட பேசுற நாலு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பேச? நேத்து வாய் தவறி அவளப் போய் குட் பாய்னுட்டேன்."

கனகா குபீரென்று சிரித்துவிட்டாள். உடனே பயந்தாள். ஓனரம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஐ லைக் திஸ் வொர்க்," என்றாள் கனகா. இந்தத் தடவை தொண்டையைத் திறந்து.

ப்ரவுனி வாலை ஆட்டியது.

சீட்டை அம்மா கையிலேயே கொடுத்தாள். செருப்பை மாட்டினாள். கேட்டைத் திறந்தாள். மனசு நிறைந்திருந்தது.

பாதித் தெரு போயிருப்பாள். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"ப்ரவுனி, ஐ யூ லைக்."

கனகா நின்று திரும்பினாள்.

"லைக்க முன்னாடி போடுங்கம்மா!"

எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

பார்க்கட்டும். அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.