முதல் கிளை

அந்தக் கொல்லையில் கோழிகள் கொய்யா மரத்தில் அடையும்போது வயதுக்குத்தான் மரியாதை. உச்சிக் கிளை மூத்தவள் சாம்பாவுக்கு, நடுக்கிளை செவலைக்கு. கைக்கு எட்டுகிற கீழ்க்கிளை, போன பொங்கலுக்குப் பொரிந்த பொட்டுவுக்கு. இடம் மாறி உட்கார்ந்தால் மண்டையில் கொத்து விழும்.

உச்சியில் சாம்பாவுக்கு ஒரு சுகம் உண்டு. மதிலுக்கு அப்பால் தெருவிளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள்.

ஒரு சாயங்காலம் அவள் எம்பினாள்; கால் ஒத்துழைக்கவில்லை. மறுபடி எம்பி, படபடவென்று சிறகடித்து, பொட்டுவின் பக்கத்தில் விழாத குறையாக வந்து உட்கார்ந்தாள். போச்சு, இத்தனை நாள் காப்பாற்றிய மானம்! நாளைக்குத் தவிட்டுச் சட்டியிலும் செவலைதான் முந்துவாள்.

"என்ன அத்தை, கீழேயே உட்கார்ந்துட்டீங்க?" என்றாள் அப்போதுதான் மரத்துக்கு வந்த செவலை.

"மேலே காத்து ஜாஸ்தி," என்றாள் சாம்பா விறைப்பாக.

செவலை யோசித்தாள். அத்தை உட்கார்ந்தால் அதுதானே பெரியவர்கள் கிளை? அவசரமாக ஏறி சாம்பாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பொட்டுவை ஒரு கொத்து கொத்தினாள். "சின்னவளுக்கு இங்கே என்ன வேலை? போடி உச்சிக்கு!"

பொட்டு முனகிக்கொண்டே மேலே போனாள்.

செவலை தூங்கிவிட்டாள். சாம்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"ஏ பொட்டு, தெருவிளக்கு போட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்லை அத்தை. போட்டதும் சொல்றேன்," என்றாள் பொட்டு. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கும் நானே பார்த்துச் சொல்றேன்."