தோல் உரித்த ஆரஞ்சு

"ஆரஞ்சு மூழ்கினதும் நீ எழுதினதை அழிச்சிட்ட ரைலி, நான் பார்த்தேன்."

"நான் எங்க அழிச்சேன், கை பட்டுக் கலைஞ்சது..."

"கை பட்டா 'மிதக்கும்' எப்படி 'மூழ்கும்' ஆகும்?"

தண்ணீர்த் தொட்டியின் இருபுறமும் நின்று இருவரும் மல்லுக்கட்டினார்கள். அடுத்துப் போட வேண்டிய முட்டை ஓரமாகக் கிண்ணத்தில் இருந்தது. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்ததில், கம்பளிக் காலுறைகள் தொப்பலாகியிருந்தன.

"தௌனோ, ரைலி, சண்டை போதும்," என்றாள் சிர்பா டீச்சர். "முதல்ல நோட்டுல எழுதணும், அப்புறம்தான் தண்ணியில போடணும். எழுதினதை அழிக்கக் கூடாது."

சொல்லும்போதே அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. ஒன்றாம் வகுப்புக்கு இப்படியொரு சோதனை அறை வேண்டுமா, புத்தகமே போதுமா என்பதை நகராட்சி இன்று முடிவு செய்கிறது. பன்னிரண்டு மணிக்குள் தெரிந்துவிடும்.

"தோல் உரிச்சா பழம் லேசாகுது. அது ஏன் மூழ்கணும்?" என்று தௌனோ முறைத்தபடி கேட்க, "தோலுக்குள்ள காத்து இருக்குடா, மண்டு," என்று பதில் வந்தது.

கதவு திறந்தது. பனியில் விளையாடப் போயிருந்த பதினெட்டுக் குழந்தைகளும் தொட்டியைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

"ரைலி, அறையை மூடுற உத்தரவுல நகராட்சிக் கல்விக் குழுத் தலைவியா நீங்களும், துணைத் தலைவரா தௌனோவும் கையெழுத்துப் போட்டாச்சா? நகராட்சி கார் காத்திருக்கு."

ரைலி நரைத்த முடியில் தெறித்திருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"காரை அனுப்பிடு. முட்டையையும் போட்டுப் பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதா இல்ல."