ஒருவன் போதும்

கோடை முகாமின் வாசலில் பேருந்து நின்றதும் பையன்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி, கொடிக்கம்பத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

முகாம்காரர் வராந்தாவிலிருந்து வரிசையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவி அவரையே பார்த்தாள். அவர்கள் மகனும் இந்தக் கோடையில்தான் முதன்முதலாக அந்த வரிசையில் நிற்கிறான்.

முகாம் நடத்துகிறவர்களுக்குப் பெரிய தலைவலி பாம்போ மழையோ அல்ல, வீட்டு ஏக்கம். ஒருவன் அழ ஆரம்பித்தால் போதும், விடிவதற்குள் அத்தனை பேருக்கும் அம்மா வேண்டும்.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அவளுடைய மாமனார்.

முகாம் தொடங்கிய முதல் கோடையில், அழுகை தாங்காமல் ஒரு பையனுக்கு 'ஓட்டைக் குழாய்' என்று பட்டப்பெயர் வைத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். சட்டென்று அழுகை நின்றது. சேர்ந்து சிரிக்க ஒருவன் கிடைத்துவிட்டால், மிச்சப்பேர் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து கோடைக்கு ஒருவன்.

அதற்காகக் கையில் அகப்பட்டவனைப் பிடித்துவிட முடியாது. நோஞ்சான் கூடாது, மற்றவர்கள் பாவம் பார்ப்பார்கள். கோபக்காரன் திருப்பி அடிப்பான். தொட்டதற்கெல்லாம் அழுகிறவனை எடுத்தால் மருந்தே நோயாகிவிடும். தன்னைக் கேலி செய்யும்போது தானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவன்தான் வேண்டும்.

முகாமும் மருந்தும் மாமனாருக்குப் பிறகு அவர் மகனான இந்த முகாம்காரருக்கு வந்தன. முதல் ஓட்டைக் குழாயே அந்த மகன்தான்.

சொந்த ரத்தம் என்று பார்க்காத குடும்பம். அதனால்தான் நம் பிள்ளை மட்டும் வேண்டாம் என்று ஒரு வாரமாக அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை.

இப்போது விரலை நீட்டினார். மகனை நோக்கி.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

மகன் படியேறி வந்தான். அவர் அவனைத் தன் பக்கத்தில் நிறுத்தி, வரிசையைக் காட்டி, எப்படிப்பட்டவன் வேண்டும் என்று காதோடு சொன்னார்.

"நாலாவதா நிக்கிறான் பாருங்கப்பா, அவன்," என்றான் மகன், யோசிக்கவே இல்லை. "சிரிக்கிறதுக்கு முன்னாடி எல்லார் மூஞ்சியையும் ஒரு தடவ பாத்துக்கிறான்."

அவர் மகனின் தோளைத் தட்டி, புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

அவள் பதறவில்லை.

அந்தப் பையன் பேருந்திலிருந்து இறங்கியபோதே அவளும் அவனைக் குறித்துவைத்திருந்தாள். அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான்.