மூணாவது சாவி

“ஐயோ, கிளாஸ் மொத்தமும் படிச்சிருக்குமேடி! அழிக்கவும் முடியல!” போனில் தோழியிடம் பதறினாள் அவள்.

“விடுடி, பாதிப் பேர் கவிதையையே படிக்கல.”

ஆன்லைன்ல டீச்சர் போட்ட கவிதை. கதவைப் பத்தின வரிக்குப் பக்கத்துல, தனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சு ஒரு குறிப்பு எழுதிட்டா: ‘கோவிச்சுக்கிட்டுப் போன அம்மா திரும்பி வருவாங்கன்னு தினமும் ராத்திரி கதவைப் பூட்டாம விடறேன். அப்பா பூட்டிடறார்.’

“கீழே பதில் வந்திருக்கு பாரு. ‘பெற்றோர்’னு போட்டிருக்கு.”

அப்பா!

‘நான் எங்க கண்ணு பூட்டினேன்? நானும் அதுக்காகத்தான் பூட்டறதில்ல. காலையில பூட்டியிருக்கும். நீதான்னு நினைச்சேன்.’

வீட்ல இருக்கறதே ரெண்டு பேர். இன்னொரு சாவி அம்மாகிட்ட.

வாசல்வரைக்கும் வந்து பூட்டிட்டுப் போற அம்மா, ஏன் உள்ளே வரல?