எரியட்டும்ண்ணே

"ரெண்டு ஊஃபர் ஸ்பீக்கரையும் இந்த ஒரே ஆம்ப்ளிஃபயர்ல பேரலலா கோத்துடுண்ணே. ஓனர் ரெண்டும் வேணும்னாரு," என்றான் கான்ட்ராக்டரின் கார் டிரைவர் டில்லிபாபு.

ஸ்ரீபெரும்புதூரில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருந்த ரகுபதி பதறிப்போனார். "அப்படிக் கோத்தா ஆம்ப்ளிஃபயர் தாங்காதுப்பா. ரெண்டே நாள்ல எரிஞ்சி பூடும்."

"எரியட்டும்ண்ணே."

"துபாய் சரக்குடா! உன் ஓனர் உன்னைத்தானே புடிப்பாரு?"

"புடிக்கட்டும்."

"வேலை போச்சுன்னா இன்னா பண்ணுவே?"

டில்லிபாபு சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணாடிய ஏத்திவுட்டு, ஃபுல் சவுண்டு வெச்சிகினு வராருண்ணே. தினம் பத்து மணி நேரம் உள்ளயே மாட்டிகினு கீறேன். நேத்து என் கொழந்த 'அப்பா'ன்னு கூப்ட்டது காதுல வுழல. எரியணும்னுதாண்ணே கேக்கறேன்!"

ரகுபதி சுவரிலிருந்த பெருமாள் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒயரை எடுத்து, இரண்டு ஊஃபர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து முடுக்கினார்.

"இப்படிக் கோத்தா எதுவும் எரியாது தம்பி. சவுண்டுதான் பாதியாயிடும். உன் ஓனர் கேட்டா, இந்த ஆம்ப்ளிஃபயருக்கு இதான் முறைன்னு நானே சொல்றேன். அதுல பொய்யும் இல்ல."