நிற்காமல் போக ஒரு டாங்க்

கான்சாஸில், பதினொரு வருஷம் பாடுபட்டு ஹார்லன் தன் கொட்டகையிலேயே கட்டிய குட்டி விமானம் அது. அதன் இறக்கைக்குள் மகன் டெரெக் கூடுதலாக ஒரு பெட்ரோல் டாங்க் பொருத்திக்கொண்டிருந்தான். இதற்காகவே மூன்று வாரமாகச் சனிக்கிழமைதோறும் முந்நூறு மைல் காரோட்டி வருகிறான்.

"டாங்க் பெருசானா போதுமாடா? அறுபத்தெட்டு வயசுல என் மூத்திரப்பையை யாரு பெருசாக்குறது?"

"ஒரு பாட்டில் வச்சுக்கப்பா. டென்வர்ல வெர்னா அத்தை வீட்டுக்கு ஒரே மூச்சுல போயிடலாம்."

"பக்கத்துக் கொட்டகைக்காரன் வயித்தெரிச்சல் படறான். எவன் புள்ள அப்பனுக்கு இவ்வளவு செய்வான்னு கேக்கறான்."

டெரெக் குழாயை முடுக்கினான்.

"ஆனா, நடுவுல உங்க ஊர்ல இறங்கி, பெட்ரோல் போட்டுக்கிட்டு, உன் வீட்ல மருமக கெய்லா கையால சாப்பிட்டு, பேத்தியைக் கொஞ்சிட்டுக் கிளம்புற சுகம் வராதுடா. இனிமே அங்க இறங்க வேண்டிய அவசியமே இருக்காதே."

டெரெக் தலையை நிமிர்த்தவில்லை.

"மாசாமாசம் நீ வந்து இறங்கறது கெய்லாவுக்குக் கொஞ்சம் சிரமமா இருக்குப்பா."

ஹார்லன் பெரிய ஸ்பேனரை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"அப்ப நல்லா இறுக்குடா," என்றார். "கசிஞ்சா உங்க ஊர்லதான் இறங்கணும்."