அமைதியைப் பதிந்த கதை

சினிமாவுக்கு ஒலி பதிகிறவர் ஒருவர் கடையில் வாங்குவதற்காக இரண்டு ரெக்கார்டர்களை எடுத்துப் பார்த்தார். கடையிலேயே ஆளில்லாத ஓர் அறையில் வைத்து, அங்கிருக்கும் அமைதியைப் பதியவிட்டுச் சோதித்தார்.

“பின்னாடி பூட்டின வீட்டுல ஒரு பிள்ளை அழுவுது. ரொம்ப நேரமா அழுவுது,” என்றது சாம்பல் ரெக்கார்டர்.

“அவரு கேட்டது அமைதிதானே அக்கா. ஊர் வம்பு உனக்கெதுக்கு? நான் அதை விட்டுட்டேன்,” என்றது கறுப்பு.

“எனக்கு விடத் தெரியலையே.”

அவர் ஹெட்போனில் இரண்டையும் கேட்டுப் பார்த்தார்.

“இதுல பிள்ளை அழுகை விழுது. ஆகாது,” என்று சாம்பலைத் தள்ளிவிட்டு, கறுப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பைக்குள்ளிருந்து கறுப்பு சிரித்தது. “இப்ப என்ன சொல்லுது உன் பிள்ளை?”

“அழுகை நின்னுடுச்சு,” என்றது சாம்பல். “கதவைத் திறக்குற சத்தம்தான் இன்னும் கேக்கல.”